அமெரிக்க நீதிமன்றத்தில் அப்பீல்: உங்கள் வாதத்தை விசாரணையிலேயே காப்பாற்றி வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

"(நீதிபதியின் மேடையருகே பேச்சு. பதிவு செய்யப்படவில்லை.)"

அப்பீல் அலுவலகத்தில் உட்கார்ந்து ட்ரான்ஸ்கிரிப்ட் (விசாரணையில் பேசியதன் வரிக்கு வரி எழுத்துப் பதிவு) படிக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் வரி இது. விசாரணை நடத்திய வழக்கறிஞரைப் போனில் பிடித்துக் கேட்டால், "அன்னைக்கு அரை மணி நேரம் மல்லுக்கு நின்னேன், ஜட்ஜ் அசையவே இல்லை" என்பார். நின்றிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் மேல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கையில் இருப்பது அடைப்புக்குறிக்குள் அந்த ஒரு வரிதான். அந்த அரை மணி நேரம் அவர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

நம் ஊர் சிவில் வழக்கில் முதல் அப்பீல் என்றால் சாட்சியத்தை மறுபடி எடைபோட்டுப் பார்ப்பார்கள். அந்த நினைப்போடு அமெரிக்க அப்பீலை அணுகினால் ஏமாற்றம்தான். அங்கே சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது, புது ஆவணம் கிடையாது. கீழ் நீதிமன்றத்தில் தாக்கலான காகிதங்கள், சான்றாவணங்கள், ட்ரான்ஸ்கிரிப்ட், வழக்குப் பதிவேட்டின் குறிப்புகள், இவ்வளவுதான் அப்பீலின் உலகம். அதிலும் கீழே நீங்கள் எழுப்பி, நீதிபதி முடிவு சொன்ன விஷயத்தைத்தான் பொதுவாகப் பார்ப்பார்கள். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, அப்பீல் என்ற பேச்சே எழாத நாட்களைப் பற்றியது.

இங்கே சொல்வது ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிமன்றங்களின் விதிகள். ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. சில இடங்களில் மட்டும் தொட்டுக்காட்டுகிறேன். சொந்த வழக்கு இருந்தால் அந்த மாநில வழக்கறிஞரிடம் போங்கள்.

முதல் படி: விசாரணைக்கு முன்பே தொலைந்துபோகிறவை

சில வாதங்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. "இந்த நீதிமன்றத்துக்கு என்மீது அதிகாரமே இல்லை" என்ற தனிநபர் அதிகார வரம்பு ஆட்சேபணையை முதல் பதிலிலேயே, அல்லது அதற்கு முந்தைய முதல் மனுவிலேயே சொல்லியாக வேண்டும். விட்டால் போயிற்று. இதற்கு நேர்மாறானது, அந்த வகை வழக்கையே விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி. அதை எப்போது வேண்டுமானாலும் கிளப்பலாம், நீதிபதிகளே கிளப்புவார்கள். கிரிமினல் வழக்கில் போலீஸ் சட்டவிரோதமாக எடுத்த சாட்சியத்தை விலக்கக் கோரும் மனு விசாரணைக்கு முன்பே போயிருக்க வேண்டும்.

சிவில் வழக்கில் இறுதி முன்விசாரணை உத்தரவை ஏதோ நிர்வாகக் காகிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம். அந்த உத்தரவு வந்துவிட்டால் அதற்கு முந்தைய வாதப் பத்திரங்களின் இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. அதில் இல்லாத கோரிக்கை, பழைய பத்திரத்தில் இருந்தாலும், வழக்கில் இல்லை.

மாவட்ட நீதிபதிக்கு (ஃபெடரல் விசாரணை நீதிமன்ற நீதிபதி) உதவியாக இருக்கும் மாஜிஸ்ட்ரேட் நீதிபதியின் பரிந்துரை அறிக்கை இன்னொரு பள்ளம். அது வெறும் பரிந்துரைதானே, மாவட்ட நீதிபதி பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கக் கூடாது. 14 நாட்களுக்குள் எழுத்தில், எந்தப் பகுதி தவறு என்று குறிப்பிட்டு ஆட்சேபணை தாக்கல் செய்ய வேண்டும். செய்யாதவரின் அப்பீல் உரிமையை மேல் நீதிமன்றம் மறுக்கலாம் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது.

ஒரு சாட்சியத்தை உள்ளே விடலாமா கூடாதா என்று முன்கூட்டியே முடிவு கேட்கும் மனுக்களில் நுணுக்கம் உண்டு. நீதிபதி பதிவில், திட்டவட்டமாக முடிவு சொல்லிவிட்டால் விசாரணையில் மறுபடி எழுந்து ஆட்சேபிக்கத் தேவையில்லை. ஆனால் "அப்போது பார்த்துக்கொள்ளலாம்", "இப்போதைக்கு அனுமதிக்கிறேன்" என்றால் அது முடிவே இல்லை. சந்தேகம் இருந்தால் எழுந்து நில்லுங்கள்; ஒரு வரி கூடுதலாகப் பேசியதால் யாரும் அப்பீலில் தோற்றதில்லை. கிரிமினல் வழக்கில் இன்னும் கடினமான விதி ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டேறினால் அவருடைய பழைய தண்டனையை அரசுத்தரப்பு எடுத்து வீசலாம் என்று நீதிபதி சொல்லி, அதற்குப் பயந்து அவர் கூண்டேறாமல் இருந்துவிட்டால், அந்த முடிவை எதிர்த்து அப்பீலில் பேச முடியாது. 1984-ல் லூஸ் வழக்கில் வந்த தீர்ப்பு. கூண்டேறி, அரசுத்தரப்பு அதை எடுத்து வீசும்வரை காத்திருக்க வேண்டும். பயந்துபோய்த் தன் வழக்கறிஞர் வாயாலேயே முதலில் சொல்லவைத்தால் அதுவும் செல்லாது என்றது 2000-ல் வந்த ஓலர் தீர்ப்பு.

இரண்டாம் படி: ஆட்சேபணையை ஒழுங்காகச் சொல்வது

ஒரு கற்பனைப் பக்கம். விபத்து வழக்கு, சாட்சி கூண்டில்.

கேள்வி: மெக்கானிக் உங்களிடம் என்ன சொன்னார்?
எதிர்த்தரப்பு: ஆட்சேபணை.
நீதிபதி: நிராகரிக்கிறேன். பதில் சொல்லுங்கள்.
பதில்: ஒரு மாசமாவே பிரேக் சரியில்லைன்னு சொன்னார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கடமையைச் செய்துவிட்ட திருப்தியோடு உட்கார்ந்திருப்பார். அப்பீலில் இதற்கு மதிப்பு ஏறக்குறைய இல்லை. என்ன காரணத்துக்காக ஆட்சேபித்தார்? செவிவழிச் செய்தி என்றா? வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றா? ஜூரியைத் தேவையில்லாமல் வெறுப்பேற்றும் என்றா? சாட்சிய விதி 103 குறிப்பான காரணத்தைக் கேட்கிறது. சூழலில் இருந்தே காரணம் வெளிப்படை என்றால் தப்பிக்கலாம், ஆனால் அது அதிர்ஷ்டத்தின் கையில். "ஆட்சேபணை, செவிவழிச் செய்தி" என்று இரண்டு சொல் கூடச் சொல்லியிருந்தால் போதும்.

காரணத்தை மாற்றவும் முடியாது. கீழே செவிவழிச் செய்தி என்று சொல்லிவிட்டு மேலே போய், ஜூரியின் மனத்தைக் கெடுத்தது என்று வாதிட்டால், இரண்டாவது வாதம் புது வாதம். இரண்டு காரணம் இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். ஃபெடரல் அரசியல் சட்ட உரிமை மீறப்பட்டது என்றால் அதையும் அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். மாநில நீதிமன்ற வழக்குகளில் இது உயிர்நாடி: மாநிலச் சட்டத்தை மட்டும் சொல்லியிருந்தால், பின்னாளில் ஃபெடரல் நீதிமன்றத்தின் கதவைத் தட்டும்போது அது திறக்காது.

பதில் வந்த பிறகு ஆட்சேபிப்பது தாமதம். சாட்சி முந்திக்கொண்டு உளறிவிட்டால் உடனே அந்தப் பதிலை நீக்கக் கோருங்கள். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஜூரிக்குச் சொல்லக் கேளுங்கள். விஷயம் பெரிது என்றால் விசாரணையையே கலைக்கக் கேளுங்கள். இந்த மூன்றில் எதைக் கேட்காமல் விட்டீர்களோ, அதைத் தரவில்லை என்று பிறகு புகார் சொல்ல முடியாது.

நீதிபதி முடிவே சொல்லாமல் "அடுத்த கேள்விக்குப் போங்கள்" என்பார். இது அடிக்கடி நடக்கும், ஆட்களும் அடிக்கடி மறப்பார்கள். "யுவர் ஆனர், என் ஆட்சேபணைக்கு முடிவு வேண்டும்" என்று பணிவாகக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் சாட்சியத்தையே நீதிபதி தடுத்துவிட்டால் வேலை தலைகீழ். எதை இழந்தீர்கள் என்று மேல் நீதிமன்றத்துக்குத் தெரிந்தால்தானே அந்த இழப்பின் கனம் தெரியும்? ஜூரியை வெளியே அனுப்பிய பிறகு, அனுமதித்திருந்தால் சாட்சி என்ன சொல்லியிருப்பார் என்பதைப் பதிவில் ஏற்ற வேண்டும். வழக்கறிஞரே சுருக்கமாகச் சொல்லலாம். சாட்சியைக் கேள்வி கேட்டும் பதில் வாங்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வழக்கறிஞர் சொல்லும் சுருக்கத்தில் "முக்கியமான சாட்சியம்" என்பதைத் தாண்டி ஒன்றும் இருக்காத பக்கங்களை நிறையவே படித்திருக்கிறேன்.

அப்புறம், கண்ணால் பார்த்ததைக் காதுக்கு மாற்றும் வேலை. கோர்ட் ரிப்போர்ட்டர் கேட்டதைத்தான் தட்டச்சு செய்வார். சாட்சி தலையாட்டினால், கையை விரித்து "இவ்வளவு தூரம்" என்றால், "அங்கே இருந்து இங்கே வரைக்கும்" என்று வரைபடத்தில் விரல் ஓட்டினால் ட்ரான்ஸ்கிரிப்டில் ஒன்றும் இருக்காது. "சாட்சி சுமார் மூன்றடி இடைவெளி காட்டினார் என்று பதிவாகட்டும்" என்று வழக்கறிஞர்தான் வாயால் சொல்ல வேண்டும். வீடியோ ஓடினால் பல இடங்களில் "(வீடியோ ஓடியது)" என்பதோடு முடிந்துவிடும். திரையில் காட்டிய படத்துக்குச் சான்றாவண எண் கொடுத்து ஏற்கவைத்தார்களா என்று அன்று மாலையே கிளார்க்கிடம் சரிபாருங்கள். நீதிபதியின் மேடையருகே போய்க் கிசுகிசுக்கும்போது ரிப்போர்ட்டரும் வந்திருக்கிறாரா என்று திரும்பிப் பாருங்கள். வரவில்லையென்றால், வாய்ப்புக் கிடைத்த அடுத்த நிமிடம், "அங்கே நான் இன்ன காரணத்துக்காக ஆட்சேபித்தேன், நீதிமன்றம் நிராகரித்தது" என்று பதிவில் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஜூரிக்குச் சொல்லும் சட்டம்

ஜூரி முடிவெடுக்கப் போகும் முன் நீதிபதி சட்டத்தை விளக்குவார். உங்கள் வாசகத்தை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. நீதிபதி தரப்போகும் வாசகத்தில் எது தவறு, ஏன் தவறு என்று, ஜூரி கலந்தாலோசிக்கப் போகும் முன்பே பதிவில் சொல்ல வேண்டும்.

இதன் விலை தெரிய இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹமீத் ரெஹைஃப் ஃபுளோரிடாவில் படிக்க மாணவர் விசாவில் வந்தவர். மதிப்பெண் இல்லாமல் கல்லூரி வெளியேற்றியது. சட்டப்படி தங்கும் தகுதி போனது. அதன்பின் துப்பாக்கிப் பயிற்சிக் கூடம் ஒன்றில் சுட்டதற்காக, சட்டவிரோதமாகத் தங்கியிருந்தும் துப்பாக்கி வைத்திருந்தார் என்று வழக்கு. தன் நிலை சட்டவிரோதம் என்று அவருக்குத் தெரியும் என அரசு நிரூபிக்கத் தேவையில்லை என்று நீதிபதி ஜூரிக்குச் சொன்னார். அப்போதைய கீழ் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் நீதிபதி பக்கமே இருந்தன. அப்படியும் அவர் தரப்பு ஆட்சேபித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில், அரசு அதை நிரூபித்தே ஆகவேண்டும் என்றது.

அதே சட்டத்தின் இன்னொரு பிரிவில், முன்பே பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருந்தார் என்று கிரீர் என்பவர்மீது வழக்கு. தன் நிலை அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்ற வாசகத்தை அவர் தரப்பு கேட்கவே இல்லை. ரெஹைஃப் தீர்ப்பு வந்தபோது அவர் அப்பீல் நிலுவையில் இருந்தது. புதுச் சட்டம் அவருக்கும் பொருந்தும். ஆனால் கீழே ஆட்சேபிக்காததால் மிகக் கடுமையான அளவுகோலில் எடைபோட்டார்கள். பலமுறை தண்டனை பெற்றவருக்குத் தன் நிலை தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்டு 2021-ல் தள்ளுபடி செய்தார்கள்.

ஆகவே "இந்த வாதம் இந்த சர்க்யூட்டில் (ஒரு ஃபெடரல் மேல் நீதிமன்றத்தின் எல்லைப் பகுதி) செல்லாது, முன்தீர்ப்பு எதிராக இருக்கிறது" என்பது வாயை மூடிக்கொள்ளக் காரணமே இல்லை. "முன்தீர்ப்பு எங்களுக்கு எதிராக இருப்பது தெரியும், அப்பீலுக்காகப் பதிவு செய்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

நான்காம் படி: "சாட்சியம் போதாது" என்ற வாதம்

சிவில் ஜூரி வழக்கில் இதற்கு இரண்டு பூட்டு. வழக்கு ஜூரியிடம் போகும் முன் ஒருமுறை, சாட்சியம் போதாது, எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். தோற்ற பிறகு, இறுதித் தீர்ப்புப் பதிவான 28 நாட்களுக்குள் எழுத்தில் மறுபடி கேட்க வேண்டும். முதலில் கேட்டுவிட்டு இரண்டாவதை மறந்த ஒரு தரப்பு 2006-ல் யூனிதெர்ம் வழக்கில் எல்லாவற்றையும் இழந்தது. 28 நாளை நீட்டிக்க நீதிபதிக்கே அதிகாரமில்லை. ஒரு சலுகை: முழுக்கச் சட்டக் கேள்வியாக இருந்து, விசாரணைக்கு முன்பே சுருக்கத் தீர்ப்பு மனுவில் (விசாரணை நடத்தாமலே தீர்ப்புக் கேட்கும் மனு) நீதிபதி அதை நிராகரித்திருந்தால், திரும்பக் கேட்கத் தேவையில்லை என்று 2023-ல் டூப்ரீ வழக்கில் சொன்னார்கள். எது முழுக்கச் சட்டக் கேள்வி, எது உண்மை கலந்தது என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை என்பதால், இந்தச் சலுகையை நம்பி மனுவை விட்டுவிடாதீர்கள்.

ஜூரி இல்லாமல் நீதிபதியே விசாரித்த சிவில் வழக்கில் இந்தத் தொல்லை இல்லை. கிரிமினல் வழக்கில் இதே மனுவுக்கு ஜூரி முடிவுக்குப் பின் 14 நாள்.

தண்டனை விதிக்கும் நாளில், குறைந்த தண்டனை கேட்டு வாதாடியிருந்தாலே "தண்டனை அதிகம்" என்ற வாதம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று 2020-ல் ஒல்கின்-ஹெர்னாண்டஸ் வழக்கில் தீர்ப்பு. ஆனால் கணக்கீட்டுப் பிழை, நடைமுறைப் பிழை போன்றவற்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்து, சாட்சியத்தை விலக்கக் கோரிய மனுவை மட்டும் அப்பீலுக்கு எடுத்துப்போக நினைத்தால், அரசுத்தரப்பும் நீதிபதியும் சம்மதித்து எழுத்தில் நிபந்தனையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: அப்பீல் நோட்டீஸும் நாட்காட்டியும்

பொதுவாக இறுதித் தீர்ப்புக்குப் பிறகுதான் அப்பீல். தடையுத்தரவு போன்ற சிலவற்றுக்கு மட்டும் நடுவழியில் போகலாம். நியூயார்க் மாநிலம் நடுவழி அப்பீலைத் தாராளமாக அனுமதிக்கும். ஃபெடரல் நீதிமன்றம் அப்படியல்ல.

அப்பீல் நோட்டீஸ் போட, சிவில் வழக்கில் 30 நாள். அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60. கிரிமினல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானவருக்கு வெறும் 14 நாள். கலிஃபோர்னியா மாநிலத்தில் தீர்ப்புப் பதிவான அறிவிப்பு வழங்கப்பட்டதிலிருந்து பொதுவாக 60 நாள். டெக்சாஸில் 30, உரிய காலத்தில் மறுவிசாரணை மனு போட்டிருந்தால் 90. நோட்டீஸை மேல் நீதிமன்றத்தில் அல்ல, வழக்கு நடந்த மாவட்ட நீதிமன்றத்தின் கிளார்க்கிடம்தான் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு பக்கம்கூட வராது: யார் அப்பீல் செய்கிறார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்த நீதிமன்றத்துக்கு. அவ்வளவுதான்.

மறுவிசாரணை மனு போன்ற சில மனுக்களை 28 நாளுக்குள் போட்டால் அப்பீல் கடிகாரம் நின்று, கடைசி மனு முடிவான நாளிலிருந்து மறுபடி ஓடும். 29-வது நாள் போட்ட மனு அதை நிறுத்தாது. நின்றுவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்பீலும் போய்விடும்.

இந்த விஷயத்தில் நீதிபதியின் வாக்கையும் நம்பக் கூடாது. ஒஹாயோ சிறையில் இருந்த கீத் போல்ஸ் என்பவரின் மனு தள்ளுபடியானது அவருக்கு உரிய காலத்தில் தெரியவில்லை. அப்பீல் காலத்தை மறுபடி திறக்கக் கேட்டார். சட்டப்படி 14 நாள்தான் தரலாம். 2004 பிப்ரவரி 10 அன்று மாவட்ட நீதிபதி உத்தரவில் 17 நாள் கணக்காக, பிப்ரவரி 27 என்று எழுதிவிட்டார். போல்ஸ் தரப்பு 26-ம் தேதி, நீதிபதி தந்த கெடுவுக்கு ஒரு நாள் முன்பாகவே, தாக்கல் செய்தது. 2007-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னது: சட்டமே வைத்த கெடு இது, நீட்ட எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை, அப்பீல் செல்லாது. எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத தீர்ப்பு. ஆனால் உத்தரவில் தேதி வந்தால் விதிப் புத்தகத்தைத் திறந்து விரல் விட்டு எண்ணும் பழக்கம் இதைப் படித்த பிறகுதான் வந்தது. எண்ணும் முறை: தீர்ப்பு நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து, சனி ஞாயிறும் சேர்த்து, கடைசி நாள் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை இவற்றில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலைநாள்.

30 நாளைத் தவறவிட்ட சிவில் தரப்புக்கு ஒரு சிறு சந்து உண்டு. அடுத்த 30 நாளுக்குள், மன்னிக்கத்தக்க கவனக்குறைவு அல்லது தகுந்த காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்கலாம். தருவதும் தராததும் மாவட்ட நீதிபதி கையில். இன்னொன்று, அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பை நிறைவேற்றுவது நின்றுவிடாது. பணம் கட்டச் சொன்ன தீர்ப்பென்றால் ஆரம்ப 30 நாள் தானாகத் தடை. அதற்குப் பின் பிணைத்தொகையோ வேறு உத்தரவாதமோ கட்டித்தான் நிறுத்த வேண்டும்.

ஆறாம் படி: ட்ரான்ஸ்கிரிப்ட், வாதவுரை

நோட்டீஸ் தாக்கலான 14 நாளுக்குள் ட்ரான்ஸ்கிரிப்டுக்குச் சொல்லிவைக்க வேண்டும். செலவுக்குப் பயந்து பாதியை மட்டும் வாங்கினால், சாட்சியம் போதாது என்ற வாதத்தை எதை வைத்து நிரூபிப்பது?

பதிவு போய்ச் சேர்ந்த 40 நாளில் முதல் வாதவுரை, 13,000 சொல்லுக்குள். கீழே காப்பாற்றிய வாதத்தை இங்கேயும் தொலைக்கலாம்: முதல் வாதவுரையில் எழுதாமல் விட்டுவிட்டு எதிர்த்தரப்புக்குப் பதில் எழுதும்போது கொண்டுவந்தால் பொதுவாகக் கேட்க மாட்டார்கள். அடிக்குறிப்பில் ஒற்றை வரியாக எழுதினாலும் அதே கதி. ஒவ்வொரு வாதத்துக்கும் அது கீழே எந்தப் பக்கத்தில் எழுப்பப்பட்டது என்று குறியுங்கள். அந்தப் பக்கம் கிடைக்கவில்லையென்றால் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

எந்தக் கண்ணாடியில் பார்ப்பார்கள் என்பதும் முக்கியம். சட்டக் கேள்வியைத் தாங்களே புதிதாகப் பார்ப்பார்கள். நீதிபதி கண்ட உண்மைகளைத் தெளிவான பிழை இருந்தால்தான் தொடுவார்கள். சாட்சியத்தை அனுமதித்தது போன்ற விருப்புரிமை முடிவுகளில் வரம்பு மீறல் இருக்க வேண்டும். பிழை என்று ஒப்புக்கொண்டாலும், அதனால் முடிவு மாறியிருக்காது என்றால் தீர்ப்பு நிற்கும்.

கோட்டை விட்டாயிற்று, இப்போது?

தெரிந்தே விட்டுக்கொடுத்ததற்கும் கவனக்குறைவால் கோட்டை விட்டதற்கும் வித்தியாசம் உண்டு. "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று வாயால் சொல்லியிருந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. சும்மா இருந்திருந்தால், 1993-ல் ஒலானோ வழக்கில் வகுத்த நான்கு கேள்விகள்: பிழை நடந்ததா, அது அப்பட்டமாகத் தெரிகிறதா, உங்கள் முக்கிய உரிமையைப் பாதித்ததா, நீதிமன்றத்தின் நியாயத்தையும் நாணயத்தையும் நற்பெயரையும் கெடுக்கும் அளவு பெரிதா. நான்கும் தேறினாலும் திருத்துவது நீதிபதிகளின் விருப்பம். சிவில் வழக்கில் இந்த வாசல் இன்னும் குறுகல். வழக்கறிஞரே திறமையில்லாமல் கோட்டை விட்டார் என்றால், ஃபெடரல் கைதி அதை நேரடி அப்பீலில் சொல்லாவிட்டாலும் பிறகு தனி மனுவில் கிளப்பலாம் என்று 2003-ல் மசாரோ வழக்கில் வழி விட்டிருக்கிறார்கள். அப்பீல் போடச் சொல்லியும் வழக்கறிஞர் போடவில்லையென்றால், அப்பீல் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட கைதிக்கும் நிவாரணம் உண்டு என்பது 2019-ன் கார்ஸா தீர்ப்பு.

தோற்ற பிறகும் இரண்டு தேதிகள்

மறுபரிசீலனை மனுவுக்கு 14 நாள். அமெரிக்க அரசு தரப்பாக இருக்கும் சிவில் வழக்கில் 45. உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள். இந்த 90-ஐ எண்ணும்போது ஒரு தடுக்கல்: மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து எண்ண வேண்டும், சில வாரம் கழித்துக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பும் ஆணையின் தேதியிலிருந்து அல்ல. மறுபரிசீலனை கேட்டிருந்தால் அது தள்ளுபடியான நாளிலிருந்து. ஆணைக் காகிதத்தின் தலையில் தேதி பெரிதாக அச்சாகியிருக்கும், கை தானாக அதைத்தான் நாட்காட்டியில் குறிக்கப் போகும்.